பழத்தின் குற்றமா, பசியின் குற்றமா?

வைகாசி மாதம் பிறந்தால் பீகார் ராஜ்யத்து முஸப்பர்பூர் ஜில்லாவில் லிச்சித் தோப்புகள் சிவந்து நிற்கும். 1917-ல் காந்தியடிகள் சம்பாரணுக்குச் செல்லும் வழியில் தங்கிய ஊர் என்று நம் நேயர்களிற் பலர் அவ்வூரின் பெயரை அறிந்திருப்பர். பழ வியாபாரிகளுக்கோ அது ‘ஷாஹி’ என்னும் உயர்ந்த ஜாதி லிச்சியின் பிறப்பிடம். 2018-ல் அப்பழத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தத் தோப்புகளின் நிழலிலேதான், 1995 முதல், பழம் பழுக்கும் அதே வாரங்களில், ஏழைக் குழந்தைகள் வலிப்புக் கண்டு மாண்டு வந்திருக்கின்றனர். முதல் நாள் மாலை ஓடியாடிய குழந்தை; இரவில் படுத்தது; விடியற்காலம் மூன்று மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே ஓர் அலறல், கைகால் இழுப்பு, நினைவிழப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் பலவற்றின் கதை முடிந்துவிடும். மழை பிறந்தவுடன் நோயும் மறைந்துவிடும். ஊரார் இதற்குச் ‘சம்கி புக்கார்’ என்று பெயரிட்டனர். புக்கார் என்றால் காய்ச்சல்.

பெயரில் காய்ச்சல் இருந்ததே ஒழிய, குழந்தைகளிற் பலருக்கு அது இல்லை. 2013-ல் அந்நகரத்து ஆஸ்பத்திரிகளிற் சேர்க்கப்பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வந்து சேர்ந்த சமயத்தில் ஜுரமே காணப்படவில்லை. மூளையைச் சூழ்ந்த நீரைச் சோதித்தால் தொற்று வியாதிக்குரிய அடையாளம் தென்படவில்லை. ஒரு கிராமத்தில் ஒரு குழந்தை, அப்பால் பல மைல் தள்ளி இன்னொன்று என்று நோய் அங்கங்கே தனித்தனியாகப் பொறுக்கியெடுத்தது. ஆயினும் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் இது மூளைக்காய்ச்சல் வகையிலேயே பதிவாகி வந்தது. வைரஸ் என்றனர் சிலர்; கோடை வெயில் என்றனர் சிலர்; தோப்புகளில் தெளிக்கும் பூச்சிமருந்து என்றனர் வேறு சிலர். ஒரு வியாதிக்குப் பெயர் சூட்டிவிட்டால் அதை அறிந்துகொண்டதாகவே எண்ணிவிடுவது உத்தியோக உலகத்தின் பழைய பிணி. அப்பிணிக்கு ஏறக்குறைய இருபது வருஷங்கள் இரையாயின.

விஷயத்தை விளங்கிக்கொள்ள நேயர்கள் எம்முடன் நெடுந்தூரம், மேற்கிந்தியத் தீவுகளிலுள்ள ஜமெய்க்கா வரையில் வர வேண்டும். முஸப்பர்பூர்ப் புதிருக்கு விடை முதலில் எழுதப்பட்டது அங்கேதான். அத்தீவின் தேசீயக் கனி ‘அக்கீ’ என்பது. பதினெட்டாம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல் வழியாக வந்து சேர்ந்த மரம் அது. அதன் சாஸ்திரப் பெயரோ ‘பிளைகியா’. வில்லியம் பிளை என்ற ஆங்கிலக் கப்பல் தலைவனை முன்னிட்டு இடப்பட்டது. அடிமைகளின் தாய்நாட்டு மரத்துக்குக் கப்பல் தலைவனின் பெயர் வாய்த்தது. அக்காலத்து உலக நீதிக்கு அது சிறியதோர் உதாரணம்.

அக்கீயின் தோல் சிவப்பு. உள்ளே பளபளக்கும் கறுப்பு விதைகள் மூன்று. அவற்றைப் பற்றியவாறு வெண்ணெய் நிறத்தில் சதை. அச்சதையை வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டிவிட்டு, உப்பிட்ட மீனோடு சமைத்துண்பது ஜமெய்க்கா மக்களுக்கு விருப்பமான ஆகாரம். ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பழம் மரத்திலேயே தானாக வெடித்துத் திறக்க வேண்டும்; ‘கொட்டாவி விட்டது’ என்பார்கள் அத்தீவினர். திறவாத காயைப் பலவந்தமாகப் பிளந்து உண்டவன் ஓயாது வாந்தியெடுத்து, வலிப்புக் கண்டு, நினைவிழந்து கிடப்பான், பலர் மீண்டதில்லை. இந்த ‘வாந்தி நோய்’க்கும் பழுக்காத அக்கீக்கும் உள்ள தொடர்பை ஹாரல்ட் ஸ்காட் என்னும் வைத்தியர் 1916-ல் எடுத்துக்காட்டினார். 1954-ல் ஹாஸல், ரெய்ல் என்னும் ரஸாயன சாஸ்திரிகள் அதன் விஷத்தைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். ‘ஹைபோகிளைசின்’ என்று அதற்குப் பெயர். சர்க்கரையைத் தாழ்த்துவது என்னும் கருத்தில் அமைந்த சொல் அது.

காயாயிருக்கையில் அக்கீயின் சதையில் பத்து லட்சத்துக்கு ஆயிரம் பங்குக்கு மேலும் இவ்விஷம் இருக்கும். பழம் தானே திறக்கும் சமயத்தில் சதையில் அது மிகச் சொற்பமாகக் குறைந்துவிடுகிறது. விதையிலோ வேறோர் உருவத்தில் தங்கிவிடுகிறது. ஆகவே விதை எந்நாளும் உண்ணத்தக்கதன்று. விதை முற்றும் வரையில் எவரும் தன்னைத் தீண்டாதபடி காத்து, முற்றியபின் வாருங்கள் என்று வாயைத் திறந்து அழைக்கிறது அம்மரம். அமெரிக்க ஐக்கிய நாட்டார் 1973 முதல் அக்கீயைத் தங்கள் துறைமுகங்களில் நுழையவொட்டாமல் தடுத்து வைத்திருந்தனர். 2000-ல்தான் டப்பியிலடைத்த பழத்தில் பத்து லட்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் விஷம் இருக்கலாகாது என்ற நிபந்தனையுடன், தேர்ந்தெடுத்த ஆலைகளின் சரக்கை மட்டும் அனுமதித்தனர். அந்த அமெரிக்கச் சோதனைச்சாலைகள் கிட்டாத மேற்கு ஆப்பிரிக்காவில், புர்க்கினா பாஸோ நாட்டில், 1998 ஜனவரி முதல் மே வரையில் 29 சிறு குழந்தைகள் பழுக்காத அக்கீயால் மாண்டனர்.

இவ்விஷம் செய்யும் வேலை யாது? இதைச் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

உண்ட அன்னத்திலிருந்து கிடைக்கும் சர்க்கரையில் ஒரு பகுதியை ஈரல் சேமித்து வைக்கிறது. இரவில் நாம் உண்ணாது உறங்கும்பொழுது மூளைக்கு ஆகாரம் அளிப்பது அச்சேமிப்பே. அது தீர்ந்துவிட்டால் உடம்பு இரண்டாவது வழியை நாடும். தன் கொழுப்பை எரித்து, அந்தப் பலத்தைக் கொண்டு ஈரலில் புதிதாகச் சர்க்கரையை ஆக்கிக்கொள்ளும். ஹைபோகிளைசின் இரண்டாவது வழியை அடைத்துவிடுகிறது. கொழுப்பை எரிப்பதற்குரிய என்ஸைம்களை அது வேலைசெய்ய வொட்டாமல் தடுக்கிறது. வயிறார உண்டு படுத்த குழந்தைக்கு ஈரலின் சேமிப்பு விடியும் வரையில் தாங்கும். ஆதலால் இரண்டாவது வழி அடைபட்டிருப்பது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. மெலிந்த குழந்தையின் ஈரலிலோ சேமிப்பு சொற்பம். அது பட்டினியாய்ப் படுத்ததானால் நடுநிசிக்கு மேல் அதுவும் காலி. கொழுப்பை நாடினால் கதவு சாத்தியிருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகிறது. பாதி எரிந்த கொழுப்பின் கழிவுகளும் உடம்பில் தேங்குகின்றன. விடியற்காலம் மூன்று மணிக்கு வலிப்பு வரும் ரகசியம் இதுவே.

இனி முஸப்பர்பூருக்குத் திரும்புவோம். லிச்சியும் அக்கீயும் ஒரே குடும்பத்து மரங்கள். குற்றாலத்துச் சாரல் காலத்தில் கடைகளில் வைத்து விற்கும் ரம்புத்தானும், நம் பாட்டிமார் பட்டுப்புடவை அலசிய பூந்திக்கொட்டையும், முடக்கத்தான் கொடியுங்கூட அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. (உறவு ஒன்றையே காரணமாக்கி எவரையும் தண்டிப்பது நியாயமன்று, முடக்கத்தான் தோசை உண்போர் அஞ்ச வேண்டாம்.) 1962-ல் கிரே, பௌடன் என்னும் இரு விஞ்ஞானிகள் லிச்சி விதையில் ஹைபோகிளைசினின் உடன்பிறப்பைப் போன்ற ஒரு பொருளைக் கண்டு பிரசுரித்தனர். மெத்திலீன்ஸைக்ளோப்ரோபில்கிளைசின் என்று அதற்கு ஒரு மூச்சுப் பெயர். அதுவும் ரத்தச் சர்க்கரையைத் தாழ்த்துவதே. அதாவது, துப்பு அன்றே அச்சேறிவிட்டது. முஸப்பர்பூரில் மரணங்கள் தொடங்கியது அதற்கு 33 வருஷங்கள் கழித்து. இரண்டையும் சேர்த்துப் படிக்கப்பட்டது அதற்கும் ஏறக்குறைய இருபது வருஷங்கள் கழித்து. நூல் நிலையத்துக்கும் கிராமத்து ஆஸ்பத்திரிக்கும் இடையேயுள்ள தூரம், ஜமெய்க்காவுக்கும் பீகாருக்கும் இடையேயுள்ள தூரத்தைக் காட்டிலும் அதிகம் போலும்!

அவ்வாறு சேர்த்துப் படித்தவர்களுள் ஒருவர், வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் பணியாற்றி ஓய்வு பெற்ற டாக்டர் டி. ஜேக்கப் ஜான். வைரஸ் ஆராய்ச்சியிலேயே பேர்பெற்ற ஒருவர் ‘இது வைரஸ் அன்று’ என்று கூற முன்வந்தது கவனிக்கத்தக்கது. முஸப்பர்பூரில் குழந்தை வைத்தியம் செய்துவரும் டாக்டர் அருண் ஷாவுடன் சேர்ந்து, இது மூளை வீக்கமன்று, சர்க்கரை தாழ்ந்ததால் மூளை படும் அவஸ்தையே என்று 2014-ல் ‘கரண்ட் ஸயன்ஸ்’ பத்திரிகையில் அவர் எழுதினார். அவர்கள் வற்புறுத்திய சிகிச்சை மிக எளிது. நூற்றுக்குப் பத்துப் பங்கு குளுக்கோஸ் கலந்த நீரைத் தாமதமின்றி ரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும். வழக்கமாக ஏற்றும் ஐந்து பங்கு நீர் போதாது.

அதே 2014-ல் நம் தேசத்து நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தாரும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தாரும் கூடி விரிவான விசாரணை நடத்தினர். அதன் முடிவு 2017-ல் ‘லான்ஸெட்’ பத்திரிகைக் குழுவைச் சேர்ந்த ஏடொன்றில் வெளிவந்தது. மே 26 முதல் ஜூலை 17 வரையில் இரண்டு ஆஸ்பத்திரிகளிற் சேர்ந்த குழந்தைகள் 390, இறந்தவர் 122. சர்க்கரையைச் சோதித்துப் பார்த்த 327 பேரில் நூற்றுக்கு 62 பேருக்கு அது 70 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே இருந்தது. நோயுற்ற 73 குழந்தைகளின் சிறுநீரைப் பரிசோதித்ததில் 48-ல் மேற்படி விஷங்களின் சுவடு காணப்பட்டது. நோயில்லாத 15 குழந்தைகளில் ஒன்றிடத்தும் அது இல்லை. தோப்புகளிலிருந்து எடுத்த லிச்சிச் சதையில் இரு விஷங்களும் இருந்தன. ஒரு கிராமில் ஹைபோகிளைசின் 12 முதல் 152 மைக்ரோகிராம் வரையில். காயிலே அதிகம், கனியிலே குறைவு.

வழக்குமன்றத்திற் பழகியவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். லிச்சி தின்ற குழந்தைகள் எல்லோரும் நோயுறவில்லையே? டில்லியிலும் கல்கத்தாவிலும் வசதியுள்ள வீட்டுக் குழந்தைகள் அப்பழத்தைக் கூடை கூடையாய்த் தின்று சுகமாயிருக்கின்றனரே? இதற்கு விடையும் அந்த விசாரணையிலேயே கிடைக்கிறது. இரவுணவு கொண்டு படுத்த குழந்தையிடத்தில் லிச்சியால் விளையும் அபாயம் 3.6 மடங்கு, இரவுணவின்றிப் படுத்ததனிடத்தில் 7.8 மடங்கு. பழம் ஒன்றுதான், மரமும் ஒன்றுதான். வேறுபட்டது சட்டியிலிருந்த சோறு.

ஐயங்கள் முற்றிலும் தீர்ந்துவிட்டன என்று நாம் கூற வரவில்லை. நோயுற்ற எல்லாக் குழந்தைகளிடத்தும் விஷத்தின் சுவடு காணவில்லை. வெயிலின் கொடுமைக்கும் பங்குண்டு என்று சொல்லும் வைத்தியர்கள் இருக்கின்றனர். முஸப்பர்பூரிலேயே உள்ள தேசீய லிச்சி ஆராய்ச்சி நிலையத்தார் பழத்தைக் குற்றஞ் சாட்டுவதை ஏற்கவில்லை. வங்காள தேசத்துத் தினாஜ்பூரில் 2012-ல் லிச்சித் தோப்புகளை அடுத்து நோயுற்ற 14 குழந்தைகளில் 13 பேர் மாண்டதற்கு, தெளித்த பூச்சிமருந்தே காரணமாயிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினர். வியட்நாமின் பாக்ஜியாங் பிரதேசத்திலும் லிச்சிப் பருவத்தில் இவ்விதமானதொரு நோய் உண்டு; அதற்குக் ‘கெட்ட கனவு’ என்று பொருள்படும் பெயரை அந்நாட்டார் இட்டிருக்கின்றனர். இவையெல்லாம் இருக்கட்டும். எந்தக் கட்சியை எடுத்துக்கொண்டாலும், தாழ்ந்த சர்க்கரையும் காலியான வயிறும் சாட்சிக் கூண்டை விட்டு இறங்குவதில்லை.

‘பழுத்ததை மட்டும் உண்ணுங்கள்’ என்று எச்சரிப்பது நல்லதே. ஆனால் அது எல்லாப் பழத்துக்கும் ஒரே அளவில் பொருந்தும் விதி என்று எண்ணலாகாது. பச்சைத் தக்காளியிலுள்ள டொமாட்டின் என்னும் பொருள் பழுக்கப் பழுக்கக் குறைகிறது. அக்கீயில், பழுத்தல் என்பது உயிருக்கும் சாவுக்கும் நடுவேயுள்ள வரப்பு. நட்சத்திரப் பழமோ எவ்வளவு கனிந்தாலும் சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு நஞ்சாகவே முடியலாம். லிச்சி இவற்றின் நடுவே நிற்கிறது. பழுத்தால் விஷம் குறையும், அடியோடு போய்விடாது. ஆகையால் கனிந்த பழமாயினும் வெறும் வயிற்றில் அதையே ஆகாரமாகக் கொள்ளும் மெலிந்த குழந்தை முற்றும் தப்பியதாகாது.

மேலும், காயைத் தின்பவர் யார் என்று கேட்க வேண்டாமா? கனிந்து சிவந்த பழம் பெட்டிகளில் அடுக்கப்பட்டு ரெயிலேறிப் போகிறது. அது தோப்புக்காரருக்கும் குத்தகைக்காரருக்கும் பணம். காற்றில் உதிர்ந்த காயும், வெம்பியதும், பறவை கொத்தியதும் மரத்தடியில் கிடக்கும். அவற்றைப் பொறுக்கித் தின்பவை தோப்பில் கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள். பகல் முழுவதும் அதைத் தின்று வயிறு மந்தித்து, இரவு சோறு வேண்டாமென்று படுத்துவிடும் குழந்தையும் உண்டு. சோறே இல்லாமையால் படுத்துவிடும் குழந்தையும் உண்டு. ‘தாய்மார் கவனிக்க வேண்டும்’ என்று மேஜையடியில் உட்கார்ந்து அறிக்கை எழுதுவது சுலபம். அந்தத் தாய் அவ்வேளையில் அடுத்த தோப்பில் பழம் பறித்துக்கொண்டிருக்கிறாள்.

2014 விசாரணைக்குப் பின்னர் சொல்லப்பட்ட யோசனைகள் மூன்றே. குழந்தைகள் லிச்சி தின்பதைக் குறைத்தல். பருவத்தில் தவறாது இரவுணவு ஊட்டுதல். வலிப்போடு வரும் குழந்தைக்கு உடனே சர்க்கரையைச் சோதித்துக் குளுக்கோஸ் ஏற்றுதல். கிராம சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று இதைச் சொன்னார்கள். அடுத்த சில வருஷங்களில் மரணங்கள் வெகுவாய்க் குறைந்தன. அணை கட்ட வேண்டியதில்லை. வெளிநாட்டு யந்திரம் வேண்டியதில்லை. ஒரு கவளம் சோறும் ஒரு புட்டி சர்க்கரை நீருமே அத்தனை உயிர்களைக் காத்தன.

பிறகு 2019 வந்தது. கடுங்கோடை, பாராளுமன்றத் தேர்தல் நடந்த வருஷம். வீடு வீடாகச் செல்லும் பிரசாரம் அவ்வருஷம் தளர்ந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. ஜூன் மாதத்தில் பீகார் ஆஸ்பத்திரிகளில் ஒரு படுக்கையில் இரண்டு மூன்று குழந்தைகள் கிடந்த காட்சியைத் தேசம் முழுவதும் கண்டது. 150-க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். ஜூன் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட், வைத்திய வசதி, போஷாக்கு, சுகாதாரம் ஆகியவை குறித்து ஏழு நாட்களுக்குள் பதில் அளிக்கும்படி மத்திய சர்க்காரையும் ராஜ்ய சர்க்காரையும் கேட்டது. மந்திரிகள் வந்தனர், பார்த்தனர், சென்றனர். கிருமியின் பெயர் தெரியாத காலத்தில் நேர்ந்த சாவுக்கு அறியாமையைக் காரணமாகச் சொல்லலாம். காரணமும் மருந்தும் அச்சில் வெளிவந்து இரண்டு வருஷங்களுக்குப் பின் நேர்ந்த சாவுக்கு எதைச் சொல்வது?

அவ்வருஷம் மற்றொரு விநோதமும் நடந்தது. லிச்சியே விஷம் என்ற பீதி எங்கும் பரவி, பழம் வாங்குவோர் அதைக் கண்டு ஒதுங்கினர். பயிரிட்டவன் நஷ்டப்பட்டான். உடனே வியாபாரிகள் ‘எங்கள் பழத்தில் குற்றமில்லை’ என்று கிளம்பினர். பழத்தில் விஷம் உண்டா இல்லையா என்று இரு கட்சியாரும் பட்டிமண்டபம் நடத்திக்கொண்டிருந்த பொழுதில், பசியைப் பற்றிப் பேசுவார் அருகினர். பழத்தைக் குற்றஞ் சொன்னாலும் சர்க்காருக்கு வசதி. பழத்தைக் குற்றமற்றதென்று விடுவித்தாலும் சர்க்காருக்கு வசதி. இரண்டு விதத்திலும் குழந்தையின் எலும்பெடுத்த மார்பு விவாதத்திலிருந்து மறைந்துவிடுகிறது. பழத்தில் விஷம் உண்டு என்பது எமது அபிப்பிராயம். அது பெரும்பாலும் கொல்வது பட்டினி கிடக்கும் குழந்தையை என்பதும் எமது அபிப்பிராயம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

ஆகவே பீகார் சர்க்காரிடம் கேட்க வேண்டுவது இது. மே மாத நடுவிலிருந்து மழை பிறக்கும் வரையில், சுமார் ஆறு வாரங்கள், லிச்சி விளையும் தாலுகாக்களிலுள்ள அங்கன்வாடிகளில் பகலில் மட்டுமன்றி அந்தி வேளையிலும் அடுப்பெரிய வேண்டும். பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டு மதிய உணவு நின்றுபோகும் நாட்களும் இவையே என்பதால், அண்ணன் அக்காமாருக்கும் அங்கேயே இலை போட வேண்டும். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியை நோக்கி ஓடும் இரண்டு மணி நேரத்தில்தான் மூளை சாகிறது. ஆதலால் ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் சர்க்கரை சோதிக்கும் கருவியும், பத்துப் பங்கு குளுக்கோஸ் நீரும், அதை ஏற்றத் தெரிந்த கையும் இரவிலும் இருக்க வேண்டும். நினைவோடிருக்கும் குழந்தைக்குச் சர்க்கரை நீரை உடனே புகட்டலாம் என்பதையும், நினைவிழந்ததன் வாயில் எதையும் ஊற்றலாகாது என்பதையும் கிராமத்திலுள்ள ஒவ்வொரு தாயும் அறிந்திருக்க வேண்டும்.

முஸப்பர்பூரில் லிச்சி பூப்பது மாசி, பங்குனியில். பூவுக்கும் பழத்துக்கும் இடையே இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அங்கன்வாடிகளில் அரிசியும் பருப்பும் சேர்த்து வைப்பதற்கு அந்த அவகாசம் தாராளமாய்ப் போதும்.